ஜெயித்தால் 'நாம்', தோற்றால் 'அவர்கள்'

அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் கோடை விடுமுறை முடிந்து திறக்கும் ஆகஸ்டு இறுதியில், வகுப்புகளைவிடப் பெரிய ஆரவாரத்தோடு தொடங்குவது கல்லூரிக் கால்பந்துப் பருவம். (பெயர்தான் கால்பந்து, பந்து பெரும்பாலும் கையில்தான் இருக்கிறது.) முதல் ஆட்டத்தன்று மைதானத்தைச் சுற்றியுள்ள வாகன நிறுத்தங்களில் காலையிலேயே அடுப்பு மூட்டிவிடுகிறார்கள். நாற்பது ஆண்டுகளுக்கு முன் பட்டம் பெற்றுப் போனவர் பேரனோடு வந்து நிற்கிறார். அந்தப் பல்கலைக்கழகத்தின் வகுப்பறைக்குள் ஒருநாளும் காலடி வைக்காத அவருடைய எதிர்வீட்டுக்காரரும் அதே நிறச் சட்டையில் வந்து நிற்கிறார். ஆட்டம் எப்போது என்று கேட்டால் இருவரும் "மூன்றரை மணிக்கு ஆடுகிறோம்" என்கிறார்கள். களத்தில் இறங்கப்போவது பத்தொன்பது, இருபது வயது இளைஞர்கள். வினைமுற்று மட்டும் தன்மைப் பன்மையில் இருக்கிறது.

இந்தத் தன்மைப் பன்மை யாரை உள்ளே அழைக்கிறது, யாரை வாசலிலேயே நிறுத்துகிறது என்பதுதான் கல்லூரிக் கால்பந்தைச் சூழ்ந்துள்ள இன்றைய பூசல்கள் பலவற்றின் அடியில் கிடக்கும் கேள்வி. ஆங்கிலத்தில் அது கேள்வியாக எழுவதே இல்லை; 'வீ' என்ற ஒற்றைச் சொல் அனைத்தையும் போர்த்திவிடுகிறது. தமிழில் அவ்வளவு எளிதாகத் தப்பிக்க இயலாது. கேட்பவரையும் சேர்த்துக்கொண்டால் 'நாம்'. விலக்கி நிறுத்தினால் 'நாங்கள்'. சேர்த்துக்கொள்வதை உளப்பாடு என்று இலக்கணிகள் பெயரிட்டார்கள். 'ஆடுகிறோம்' என்ற வினையில் இந்த வேறுபாடு தெரியாது. பெயரை வாய்விட்டுச் சொல்லும்போதுதான் யார் உள்ளே, யார் வெளியே என்பது வெளிப்படும். அலபாமாவில் ஒரு தந்தை தொட்டிலில் கிடக்கும் மகளிடம் சொல்வது 'நாம்'. பக்கத்து வீட்டு ஆபர்ன் ரசிகரிடம் சொல்வது 'நாங்கள்'. பல்கலைக்கழகத்தின் நன்கொடை அலுவலகம் பழைய மாணவர்களுக்கு எழுதும் கடிதம் முழுவதும் 'நாம்'. அதே பல்கலைக்கழகம் வருவாயைக் கணக்கிட உட்காரும்போது, ஏறத்தாழ ஒரு நூற்றாண்டாக, சத்தமில்லாமல் 'நாங்கள்'.

ரசிகரின் இந்த வழக்கைச் சமூக உளவியல் கவனித்து ஏறக்குறைய அரை நூற்றாண்டு ஆகிறது. 1976-இல் ராபர்ட் சியால்டினியும் அவருடைய சகாக்களும் வெளியிட்ட ஆய்வு, கல்லூரிக் கால்பந்தையே களமாகக் கொண்டது. ஏழு பல்கலைக்கழகங்களில், சனிக்கிழமை அணி வென்றிருந்தால் திங்கட்கிழமை வகுப்புக்குப் பல்கலைக்கழகப் பெயர் பொறித்த ஆடை அணிந்து வரும் மாணவர் மிகுந்தார்கள். தொலைபேசியில் ஆட்டத்தைப் பற்றிக் கேட்டபோது, வென்ற ஆட்டத்தை விவரிக்கையில் தன்மைப் பன்மை கூடியது; வெல்லாத ஆட்டமாயின் குறைந்தது. அதற்குச் சற்று முன் ஒரு சிறு வினாவிடையில் சரியாகச் செய்யவில்லை என்று சொல்லப்பட்டவர்களிடம் இந்த வேறுபாடு இன்னும் துலக்கமாக இருந்தது. தன் பெருமை அடிபட்டவர் பிறர் பெருமையில் குளிர்காய விரைகிறார் என்பது ஆய்வாளர்களின் விளக்கம்.

விளக்கம் சரிதான். ஆனால் அது பாதியைத்தான் சொல்கிறது. பிரதிபெயரை வானிலைக்கு ஏற்ப மாற்றுகிறவர் மாணவர். நான்கு ஆண்டுகளில் வெளியேறிவிடுகிறவர். பரம்பரை ரசிகரின் இலக்கணம் வேறு.

2007 செப்டம்பர் 1 இதற்குப் பொருத்தமான நாள். ஐந்தாம் தரவரிசையில் இருந்த மிச்சிகன் பல்கலைக்கழகம், கீழ்ப்பிரிவைச் சேர்ந்த அப்பலாச்சியன் ஸ்டேட் அணியைப் பருவத்தின் முதல் ஆட்டத்துக்குத் தன் மைதானத்துக்கு வரவழைத்தது. பெரிய பல்கலைக்கழகங்கள் இப்படிச் சிறிய அணிகளுக்குப் பல லட்சம் டாலர் கொடுத்து அழைப்பது வழக்கம். தோற்றுத் தருவதற்கான கூலி என்றே அதைப் பலரும் கருதுவார்கள். 1,09,000-க்கும் மேற்பட்டோர் பார்த்திருக்க, வந்தவர்கள் 34-32 என்று வென்றார்கள். கடைசி நொடிகளில் மிச்சிகன் அடிக்க முயன்ற ஃபீல்டு கோல் தடுக்கப்பட்டது. அடுத்த வாரம் ஒரிகான் பல்கலைக்கழகம் அதே மைதானத்தில் 39-7 என்று மிச்சிகனை வீழ்த்தியது. சியால்டினியின் கணக்குப்படி அந்த ஊரில் ஒருவரும் தன்மைப் பன்மையைத் தொட்டிருக்கக் கூடாது. ஆனால் 1975 நவம்பரில் தொடங்கி, பெருந்தொற்று வந்து வாயிலை அடைக்கும்வரை, அந்த மைதானத்தில் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்துகொண்டேதான் இருந்தார்கள். அவமானத்துக்கு அடுத்த வாரமும் வந்தார்கள்.

அவர்களைக் கொண்டுவந்து உட்கார வைத்தது வெற்றி அன்று. பலருக்கு அந்த இருக்கை தாத்தாவுடையது. குழந்தை ஆட்டத்தின் விதிகளைக் கற்பதற்கு முன்பே நிறத்தைக் கற்றுக்கொள்கிறது. நிறத்துக்கும் முன்பாக 'நாம்' என்ற சொல்லைக் கற்றுக்கொள்கிறது. தாய்மொழியைப் போலவே இதுவும் தேர்ந்தெடுத்து வருவதன்று. பிற்காலத்தில் வேறொரு மொழியில் புலமை பெறலாம். கனவு அதில் வருவதில்லை. ஆகவே, பரம்பரை ரசிகரை மந்தை என்று எள்ளி நகையாடும் கல்விப்புல வழக்கம் மேம்போக்கானது. தோற்ற அணிக்காக மழையில் நனையும் ஒருவர் பல நேரங்களில் அணிக்காக நனைவதில்லை; அதே இடத்தில் உட்கார்ந்திருந்த தந்தைக்காக நனைகிறார். அந்த விசுவாசத்தில் குறை காண ஒன்றுமில்லை.

குறை தொடங்குவது, அந்தக் கடனைத் தந்தைக்குச் செலுத்திவிட்டு ரசீதை ஆட்டக்காரரிடம் கேட்கும்போது.

மேனிங் குடும்பத்தின் கதையை அறியாத அமெரிக்கக் கால்பந்து ரசிகர் அரிது. ஆர்ச்சி மேனிங், 'ஓல் மிஸ்' என்று அழைக்கப்படும் மிசிசிப்பி பல்கலைக்கழகத்தின் புகழ்பெற்ற குவார்ட்டர்பேக். அவருடைய மனைவியும் அங்கே படித்தவர். மூத்த மகன் கூப்பரும் அங்கேயே சேர்ந்தார். முதுகெலும்புக் கோளாற்றால் ஆட்டத்தைக் கைவிட நேர்ந்தது. இரண்டாம் மகன் பேட்டன் 1994-இல் டென்னசி பல்கலைக்கழகத்தைத் தேர்ந்தெடுத்தார். ஆர்ச்சி மகனைத் தடுக்கவில்லை. தடுக்காததற்காக அவருக்குக் கோபக் கடிதங்களும் தொலைபேசி அழைப்புகளும் வந்தன. பதினேழு, பதினெட்டு வயதுப் பையன் எந்தக் கல்லூரியில் படிப்பது என்ற வீட்டு முடிவில், முன்பின் தெரியாத ஆயிரக்கணக்கானோர் தமக்கு உறவுமுறை இருப்பதாக நினைத்தார்கள். 'நாம்' என்று சொல்லிச் சொல்லி வளர்ந்தவர்கள், பெற்ற தகப்பனைவிடத் தங்களுக்கு உரிமை அதிகம் என்று நம்பிவிட்டார்கள்.

இந்த உரிமை கோரலுக்கு இன்று புதிய சொற்கள் கிடைத்துள்ளன. 2018-இல் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் வந்தது. 2021 முதல், ஓராண்டு உட்கார வேண்டிய தண்டனையின்றி ஆட்டக்காரர் ஒருமுறை கல்லூரி மாறலாம் என்றானது. உடனே எழுந்த புலம்பல்: விசுவாசம் செத்துவிட்டது, பையன்கள் கூலிப்படை ஆகிவிட்டார்கள். அதே 2021-இன் இறுதியில் நோட்டர் டேம் அணியின் பயிற்சியாளர் பிரையன் கெல்லி, பருவம் முழுதும் முடிவதற்குள் லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்குப் பத்தாண்டு ஒப்பந்தத்தில் மாறினார். தொகை ஒன்பது கோடி டாலருக்கும் மேல். அவரையும் சிலர் ஏசினார்கள்தான். ஆனால் பயிற்சியாளர்கள் என்ற இனமே விசுவாசமற்றது என்று ஒருவரும் தலையங்கம் எழுதவில்லை. ஐம்பது வயதுக்காரர் மாறினால் அது தொழில் முன்னேற்றம். இருபது வயதுக்காரர் மாறினால் பண்பாட்டுச் சீரழிவு.

பண்பாடு என்று சொல்லப்படுவதன் வரலாற்றையும் ஒருமுறை புரட்டிப் பார்க்கலாம். 1955-இல் கொலராடோவில் ஃபோர்ட் லூயிஸ் கல்லூரி அணிக்காக ஆடிய ரே டென்னிசன் தலையில் அடிபட்டு இறந்தார். பணியில் இறந்த தொழிலாளியின் குடும்பத்துக்கு உரிய இழப்பீட்டை அவருடைய மனைவி கோரினார். கல்லூரி கால்பந்துத் தொழில் நடத்தவில்லை, ஆகவே அவர் தொழிலாளி அல்லர் என்று 1957-இல் மாநில உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. அந்த ஆண்டுகளில்தான், இத்தகைய வழக்குகளுக்கு அரணாக, 'மாணவ-விளையாட்டு வீரர்' என்ற தொடரைத் தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம் வடித்தெடுத்துப் புழக்கத்தில் திணித்தது. சங்கத்தை நெடுங்காலம் நடத்திய வால்டர் பையர்ஸே ஓய்வுபெற்றபின் 1995-இல் எழுதிய நூலில் இதை ஒப்புக்கொண்டார். மொழியியல் மாணவர்கள் பாடமாகவே வைத்துக்கொள்ளத்தக்க தொடர் அது. இரண்டு பெயர்களுக்கு நடுவே ஒரு சிறுகோடு. அந்தக் கோட்டின் வேலை, 'தொழிலாளி' என்ற மூன்றாவது பெயர் உள்ளே நுழையாமல் பார்த்துக்கொள்வது. களத்தில் உயிர்விடும்வரை டென்னிசன் 'நாம்'. மனைவி படியேறி வந்தபோது 'நாங்கள்' என்று கதவு சாத்தப்பட்டது. குடும்ப விசுவாசத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் அந்தக் குடும்பத்தை ஏன் நினைப்பதில்லை என்று கேட்கத் தோன்றுகிறது.

கதவு திறக்க நெடுங்காலம் ஆயிற்று. கல்வி சார்ந்த உதவிகளுக்குச் சங்கம் விதித்திருந்த வரம்புகள் சட்டத்துக்கு முரணானவை என்று 2021 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒன்பது நீதிபதிகளின் ஒருமித்த கருத்தாகத் தீர்ப்பளித்தது. 2025 ஜூனில் ஒப்புதல் பெற்ற சமரச உடன்பாட்டின்படி, ஒரு பல்கலைக்கழகம் முதலாண்டில் ஏறத்தாழ 2.05 கோடி டாலர்வரை ஆட்டக்காரர்களுக்கு நேரடியாகப் பங்கிடலாம். முன்பு ஆடியவர்களுக்கு நிலுவையாக 280 கோடி டாலர் பத்தாண்டுகளில் வழங்கப்பட வேண்டும். பணம் புகுந்ததால் பாசம் போயிற்று என்கிறவர்கள், பணம் புதிதாக வந்ததன்று என்பதை மறைக்கிறார்கள். நல்ல இருக்கை வேண்டுமானால் டிக்கெட் விலைக்கு மேல் நன்கொடை தர வேண்டும் என்பது பல பெரிய பல்கலைக்கழகங்களில் பழைய ஏற்பாடு. அந்த நன்கொடையில் எண்பது விழுக்காட்டுக்கு வருமான வரிச் சலுகைகூட 2017-வரை இருந்தது. தாத்தாவின் இருக்கைக்கு எப்போதுமே விலைப்பட்டியல் இருந்தது. அதில் ஆட்டக்காரரின் பங்கு மட்டும்தான் இல்லாதிருந்தது.

புதிய ஏற்பாட்டிலும் குறைகள் பல. சிறிய கல்லூரிகள் கண்டெடுத்து வளர்த்த பையனை மறு ஆண்டே பெரிய கல்லூரி கொத்திக்கொண்டு போகிறது. 2007-இல் மிச்சிகனை வீழ்த்தியதைப் போன்ற ஓர் அணி இன்று உருவானால், அது இரண்டு பருவம் கலையாமல் இருக்குமா என்பது ஐயமே. அந்த இழப்பு மெய்யானது. அதற்காக வருந்துகிற ரசிகரின் வருத்தமும் மெய்யானது. ஆனால் அதற்கு மருந்து ஒப்பந்தத்திலும் விதிகளிலும் தேடப்பட வேண்டியது; இருபது வயதுக்காரரின் ஒழுக்கத்தில் அன்று.

2025 ஆகஸ்டு 30 அன்று, டெக்சஸ் பல்கலைக்கழகம் பருவத்தின் முதல் ஆட்டத்தை ஒஹையோ ஸ்டேட் அணியோடு கொலம்பஸ் நகரில் ஆடியது. டெக்சஸின் குவார்ட்டர்பேக் ஆர்ச் மேனிங். கூப்பரின் மகன், ஆர்ச்சியின் பேரன். தாத்தா, தந்தை, இளைய சித்தப்பா மூவரும் போன ஓல் மிஸ்ஸுக்கும் போகாமல், பேட்டன் போன டென்னசிக்கும் போகாமல், குடும்பத்தில் எவரும் ஆடாத ஓர் அணியைத் தேர்ந்தவர். முதல் தரவரிசையோடு வந்த அவருடைய அணி 14-7 என்று தோற்றது. முதுகில் இருந்த எண் 16, டென்னசியில் பேட்டன் அணிந்தது. ஓல் மிஸ் வளாகத்தில் வேக வரம்பு மணிக்கு 18 மைல். அது ஆர்ச்சி அணிந்திருந்த எண். பேரன் வேறு ஊருக்குப் போனதற்காக அந்தப் பலகையை எவரும் மாற்றவில்லை.