தங்கக் கட்டியும் தோட்டத் தகடும்

பணத்திற்கு மாளிகை எழுப்புவது பாங்குகளின் தொழில். அம்மாளிகையைக் கோயிலாக்கிக் கும்பிடுவது நம்மவர் தொழிலாகிவிட்டது! ஜகார்த்தாவின் பழைய நகரப் பகுதியிலுள்ள இந்தோனேசிய பாங்கின் பொருட்காட்சிசாலையைக் கண்டு வந்த அன்பர்களைக் கேட்டுப் பாருங்கள். வண்ணக் கண்ணாடிச் சன்னல்களைப் புகழ்வர்; அடுக்கிவைத்த தங்கக் கட்டிகளைக் காட்டி, "லட்சுமி கடாட்சம்" என்பர். அதற்குமேல் ஒரு சொல்லும் வராது. இதுவா பார்வை?

அக்கட்டடம் யாருடையது? 1828-இல் டச்சுக்காரர் பத்தாவியாவில் நிறுவிய ஜாவா பாங்கினுடையது. நோட்டு வெளியிடும் உரிமை பெற்ற பாங்கு அது. 1830 முதல் ஜாவாக் குடியானவன் தன் நிலத்தில் ஐந்தில் ஒரு பங்கைச் சர்க்காரின் ஏற்றுமதிப் பயிருக்கு ஒதுக்க வேண்டுமென விதிக்கப்பட்டான். அப்பங்கும் பல இடங்களில் மீறப்பட்டது. கரும்பும் அவுரியும் கப்பலேறின. லாபம் ஹாலந்துக்குச் சென்றது. அந்தப் பாங்கு 1951-இல் தேசவுடைமையாகி, 1953-இல் இந்தோனேசிய பாங்கு ஆயிற்று.

இனி, கடல் கடந்து சுமத்திராவின் டெலியைப் பார்ப்போம். அங்குள்ள புகையிலைத் தோட்டங்களில் சீனரும் ஜாவானியரும் உழைத்தனர். மாட்டுவண்டி ஓட்டவும் பாதை வெட்டவும் நம் தமிழரும் சென்றனர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பல தோட்டங்கள் தாமே தகடு அடித்துக் கூலியாகக் கொடுத்தன. அத்தகடு தோட்டக் கடையில் செல்லும்; எல்லையைத் தாண்டினால் வெறும் உலோகம். அதை ஊருக்கு அனுப்ப இயலுமா? ஒப்பந்தத்தை முறித்து ஓடினால் 1880-ஆம் ஆண்டின் கூலிச் சட்டம் தண்டித்தது. தங்கக் கட்டியைவிடப் பணத்தின் இலட்சணத்தை உரைப்பது அந்தத் தகடே. பெற்றவன் தன் விருப்பப்படி எங்கும் செலவிட இயலாதது கூலி அன்று, விலங்கு.

"அதெல்லாம் பழங்கதை, சட்டம் வந்துவிட்டதே" என்பீர். உண்மைதான். மலேசியாவின் 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டம், சம்பளத்தை இன்ன இடத்தில்தான் செலவிட வேண்டுமென்று நிபந்தனை விதிப்பதைச் செல்லாததாக்கியது. ஆனால் சட்டம் புத்தகத்தில் உறங்கினால் பயனென்ன?

செக்ரோல் எழுதும் கிராணியாகச் சொல்லுகிறேன். இன்று நம் தோட்டங்களில் குலை அறுக்க இந்தோனேசியரும் வங்காள தேசத்தாரும் வருகின்றனர். அவருள் பலர் ஏஜெண்டுக் கடனைத் தலையில் சுமந்தே வருகின்றனர். ஒருவனுடைய பாங்கு அட்டையும் பாஸ்போர்ட்டும் பிறன் பெட்டியில் பூட்டப்படுமாயின், அவன் சம்பளத்திற்கும் டெலித் தகட்டிற்கும் யாது வேற்றுமை? நம் பாட்டனைக் கூலி என்று இகழ்ந்தவனை இன்றும் ஏசுகிறோம். அடுத்த லயத்தில் இருப்பவனையோ "இந்தோன்காரன்" என்று எள்ளுகிறோம். இதுவோ சுயமரியாதை?

தோழர்களே! பொருட்காட்சிசாலைக்குத் தாராளமாகச் செல்லுங்கள். ஆனால் ஒவ்வொரு நாணயத்தின் முன்னும் நின்று, "இதை ஈட்டியவன் யார்? அவன் கையில் இது தங்கிற்றா?" என்று கேளுங்கள். திரும்பி வந்ததும் அக்கேள்வியையே நம் தோட்டத்துச் சம்பளச் சீட்டின் முன்னும் கேளுங்கள்.