கழற்றிப் பார்த்தவனின் பொறுப்பு

வாப்பா ஓட்டிய டாடா 1210 லாரியை விற்பதென்று முடிவான பிறகுதான் அதன் இஞ்சினை வீட்டு முற்றத்தில் இறக்கிப் பிரித்தோம். புகை மிகுதி; ஆயில் அழுத்தம் குறைவு. பட்டறைக் கூலியை மிச்சப்படுத்துவதே முதல் எண்ணம். அது 697 வகை இஞ்சின். ஆறு சிலிண்டர், 5675 கன சென்டிமீட்டர். டாடாவும் டைம்லர்-பென்ஸும் 1954இல் கூட்டுச் சேர்ந்ததன் மரபில் வந்தது. மின்னணுச் சாதனம் எதுவும் இல்லாததால், பொறுமையும் மைக்ரோமீட்டரும் இருந்தால் வீட்டிலேயே பிரித்துக் கோக்கலாம்.

ஒவ்வொரு கனெக்டிங் ராடுக்கும் அதற்கே உரிய மூடி உண்டு. கழற்றும்போதே எண் குறித்து வைக்க வேண்டும். முன்பு வேலை பார்த்த யாரோ மூன்றாவதையும் நான்காவதையும் மாற்றிப் பூட்டியிருந்தார்கள். பேரிங் ஷெல்கள் ஒருபக்கமாகத் தேய்ந்து, கிராங்க் ஷாஃப்டில் கீறல் விழுந்திருந்தது. ராடுகளைச் சரிசெய்து, கிராங்கைக் கடைந்து, 0.25 மில்லிமீட்டர் குறைந்த அளவு ஷெல்கள் போட வேண்டும். வாங்குபவரோ முன்பணம் கொடுத்துவிட்டுக் காத்திருந்தார்.

“எமரித் தாளால் தேய்த்து, புது ஷெல் போட்டு, கெட்டி ஆயில் ஊற்றுங்கள், விற்கும்வரை சத்தம் கேட்காது” என்றார் நலம்விரும்பி ஒருவர். இந்த யோசனை நம் ஊர்களில் புதிதன்று. தொழுகையில் முதல் வரிசையில் நிற்பவர்களும் இதை வியாபாரத் திறமை என்றே எண்ணுகிறார்கள். நாம் அப்படிக் கருதவில்லை.

தானியக் குவியலுக்குள் கைவிட்ட நபி (ஸல்) அவர்களின் விரல்களில் ஈரம் பட்டதும், மழையில் நனைந்ததை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று அவர்கள் கேட்ட செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. இஞ்சினின் ஈரம் அதைவிட ஆழத்தில் இருக்கிறது. சம்ப்பை மூடிவிட்டால் எவர் கையும் அங்கே எட்டாது. திறந்து பாராதவன் “எனக்குத் தெரியாது” என்று சொன்னால் அது உண்மை. திறந்து பார்த்த நமக்கு அந்தச் சொல் இனி இல்லை. அறிந்தே மறைத்த குறைக்கு, “உள்ளபடியே விற்கிறேன்” என்ற நிபந்தனையும் ஷாஃபிஈ மத்ஹபில் விடுதலை தராது.

இரும்பை மென்மையாக்கிக் கொடுத்த தாவூத் (அலை) அவர்களுக்கு, கவச வளையங்களை அளவோடு கோக்கும்படியும் அல்லாஹ் கட்டளையிட்டதை ஸபா அத்தியாயத்தில் ஓதுகிறோம். சிலிண்டர் ஹெட் போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளிப்புறமாக, படிப்படியாக டார்க் ரெஞ்சால் முறுக்கிய அன்று தம்பிதான் அதை நினைவூட்டினான்.

கிராங்க் கடைந்து வந்தது. வாங்குபவரை அழைத்து நடந்ததைச் சொன்னோம். அவர் விலையில் ஒரு பங்கைக் குறைத்தார். உம்மாவின் முகம் வாடியது உண்மை. செலவுச் சீட்டோடு, தேய்ந்த பழைய ஷெல்களையும் துணியில் பொதிந்து அவரிடமே கொடுத்தனுப்பினோம்.