ஒரு பிடி மல்லி விதை

நுழையும் முன்

பெற்றோரின் பணி மாறுதலால் ஊர்விட்டு ஊர் செல்லும் குடும்பங்கள் பல. சில ஆண்டுகளில் விட்டுச் செல்லப்போகும் வீட்டிற்குத் தோட்டம் தேவைதானா? தில்லி வாழ் தமிழ்க் குடும்பங்களை எடுத்துக்காட்டாகக் கொண்டு, இவ்வினாவிற்கு விடை கூறுகிறது இக்கட்டுரை.

தில்லியின் ஐப்பசி

செப்டம்பர்த் திங்களின் இறுதியில் தென்மேற்குப் பருவமழை தில்லியை விட்டு விலகுகிறது. வானம் தெளிகிறது, பகலின் வெம்மை தணிகிறது, விடியற்காலையில் மெல்லிய குளிர் தலைகாட்டுகிறது. பவழமல்லியின் வெண்பூக்கள் செங்காம்புகளோடு மரத்தடியில் உதிர்ந்து கிடக்கின்றன. அக்டோபரில் சாலையோரத்து ஏழிலைப்பாலை மரங்கள் பூத்து, மாலை வேளையில் தெருவெங்கும் மணம் பரப்புகின்றன. வடநாட்டார் இப்பருவத்தைச் 'சரத்' என்பர்.

தமிழர் ஓர் ஆண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்தனர். அவற்றுள் ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர்காலம் எனப்படும். அப்போது தமிழகத்தில் வடகிழக்குப் பருவமழை பொழியும். ஊரிலிருந்து தொலைபேசியில் பேசும் பாட்டி, "இங்கே ஓயாத மழையப்பா!" என்பார். தில்லியில் இருக்கும் பேரனோ பல நாள்களாக ஒரு துளி மழையும் கண்டிருக்கமாட்டான். ஆங்கிலக் கதைநூல்களின் படங்களிலோ இப்பருவம் மஞ்சள் இலைகள் உதிரும் காலமாகக் காட்சியளிக்கும். அதுவும் தில்லிக்கு முழுவதும் பொருந்துவதில்லை. இங்குள்ள அரசும் வேம்பும் பெரும்பாலும் மாசி, பங்குனித் திங்களில்தான் இலையுதிர்க்கின்றன. தில்லியின் ஐப்பசி, குளிர்காலக் கீரைகளையும் காய்களையும் பூக்களையும் விதைக்கும் காலம். மண்ணில் கைவைத்தவர்க்கு இது எளிதில் விளங்கும்.

யாருக்கு இந்தத் தோட்டம்?

ஆயினும், புலம்பெயர்ந்து வாழும் பல குடும்பங்கள் மண்ணில் கைவைப்பதில்லை. "மூன்று ஆண்டுகளில் மாற்றல் வந்துவிடும். யாரோ துய்க்கப்போகும் தோட்டத்திற்கு நாம் ஏனம்மா உழைக்க வேண்டும்?" என்று கேட்கும் தந்தையர் உண்டு. வீட்டைக் காலிசெய்து, பெட்டிகளைக் கட்டி, புதிய ஊரில் மீண்டும் தொடங்கும் துன்பத்தை அறிந்தவர்கள் அவர்கள். அவர்களது கூற்றை எளிதில் தள்ளிவிட இயலாது.

ஆனால், அக்கூற்றைக் கேட்டு வளரும் பிள்ளை தோட்டத்தை மட்டுமா ஒதுக்குகிறது? எப்படியும் போகப்போகும் ஊர்தானே என்று அண்டை வீட்டாரின் மொழியைக் கற்க முயல்வதில்லை. வாயிலில் நிற்கும் மரத்தின் பெயரைக் கேட்பதில்லை. பள்ளிப்படிப்பு பன்னிரண்டு ஆண்டுகள். அவ்வாண்டுகளை நான்கு ஊர்களில் கழிக்கும் பிள்ளை, நான்கு ஊர்களிலும் விருந்தினராகவே இருந்துவிட்டால், தன் ஊர் என்று எதனைச் சொல்லும்? ஆதலால், மாறிச் செல்லும் குடும்பத்துப் பிள்ளைகளுக்கே தோட்டம் மிகுதியும் தேவை.

உழைத்தவர் பயனைக் காணமாட்டார் என்பதும் முழு உண்மையன்று. அக்டோபரில் விதைத்த வெந்தயக்கீரையை ஏறத்தாழ ஒரு திங்களில் பறிக்கலாம். முள்ளங்கியும் கொத்தமல்லித் தழையும் ஒன்றரைத் திங்களில் கைக்கு வரும். பட்டாணி, தை பிறப்பதற்குள் காய்க்கத் தொடங்கும். கல்வியாண்டு முடிந்தபின் மாற்றல் வந்தாலும், அதற்குள் பலமுறை அறுவடை செய்துவிடலாம்.

ஐப்பசி வேலைகள்

இதற்குப் பெரிய நிலம் வேண்டுவதில்லை. வீட்டின்முன் நான்கடிப் பாத்தியோ, மாடியில் நான்கு தொட்டிகளோ போதும். முதலில் மழைக்காலத்தில் மண்டிய களைகளை வேரோடு நீக்க வேண்டும். வடநாட்டில் 'குர்ப்பி' எனப்படும் சிறு களைக்கொட்டு இதற்கு உதவும். பின்னர் மண்ணைக் கொத்திப் புரட்டி, சில நாள் வெயிலில் காயவிட்டு, மட்கிய உரம் கலக்க வேண்டும்.

விதை சமையலறையிலேயே இருக்கிறது. மளிகைக் கடையில் வாங்கிய மல்லி, மிகப் பழையதாக இல்லாவிடில், நன்கு முளைக்கும். ஒவ்வொரு மல்லி உருண்டைக்குள்ளும் இரண்டு விதைகள் உள்ளன. அவற்றை உள்ளங்கையாலோ செருப்பாலோ மெல்லத் தேய்த்து இரண்டாகப் பிளந்து, ஓர் இரவு நீரில் ஊறவைத்துத் தூவ வேண்டும். பத்துப் பன்னிரண்டு நாள்களில் பசுந்தளிர் தலைநீட்டும்.

கூட்டிக் குவித்த சருகுகளை என்ன செய்வது? பலர் தீவைத்துவிடுகின்றனர். அதனால் எழும் புகை, நுண்துகள்களோடு மூச்சுக்குழலுள் புகுந்து, குழந்தைகளுக்கும் முதியோர்க்கும் பெருந்தீங்கு விளைவிக்கிறது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015ஆம் ஆண்டு தில்லியில் இலைகளையும் குப்பைகளையும் திறந்தவெளியில் எரிப்பதற்குத் தடை விதித்து, மீறுவோர்க்கு 5,000 ரூபாய் தண்டத்தையும் அறிவித்தது. தண்டத்திற்கு அஞ்சியன்றி, பயன் கருதியே சருகைக் காக்கலாம். ஒரு குழியில் சருகு, காய்கறித் தோல், சிறிது மண் என அடுக்கடுக்காக இட்டு, ஈரம் காயாமல் அவ்வப்போது கிளறிவிட்டால், சில திங்களில் அது கரிய உரமாக மாறிவிடும்.

தீபாவளியை ஒட்டிய வாரங்களில் தில்லியின் காற்று மிகவும் கெட்டுவிடுவதும் உண்டு. அத்தகைய நாள்களில் பிள்ளைகள் வெளியில் உழைத்தல் தகாது. வீட்டினுள் இருத்தலே அறிவுடைமை. காற்றுத் தெளிந்த நாளில் அரைமணி நேரம் உழைத்தாலே போதும். படிப்பு கெடும் என்று அஞ்சுவோரும் இந்த அரைமணியைப் பொறுத்துக்கொள்ளலாம்.

கைகழுவிய பின்

தோட்ட வேலை முடிந்து, நகக்கண்ணில் ஒட்டிய மண்ணைக் கழுவி வரும் பிள்ளைக்குச் சூடாக ஒரு குவளை சுக்குமல்லிக் காப்பி கிடைத்தால், அதன் சுவைக்கு ஈடில்லை. விதைக்க எடுத்த மல்லியில் மிஞ்சியதே அதற்குப் போதும். மல்லியையும் சுக்கையும் சில மிளகையும் ஏலக்காயையும் வறுத்துப் பொடித்து, கொதிக்கும் நீரில் இட்டு, கருப்பட்டி சேர்த்து வடிகட்டினால் பானம் தயார். பெயரில் காப்பி இருந்தாலும் பெரும்பாலும் காப்பித்தூள் சேர்ப்பதில்லை. தொண்டைக்கு இதம் தருவது. குளிர்ந்த காலைக்கு ஏற்றது. கடையில் வாங்கும் பொட்டலப் பானங்களைவிட இதனையே தேர்தல் நன்று.

அண்டை வீட்டாருக்கும் ஒரு குவளை கொடுத்துப் பார்க்கலாம். மறுநாள் அவ்வீட்டிலிருந்து இஞ்சித் தேநீர் வரும். 'தனியா' என்று அவர்கள் கூறுவதும் 'மல்லி' என்று தமிழர் கூறுவதும் ஒன்றே என்பதை இரு வீட்டுப் பிள்ளைகளும் அறிவர்.

விட்டுச் செல்வதும் எடுத்துச் செல்வதும்

தில்லிக் குடியிருப்புகள் சிலவற்றில் கறிவேப்பிலை மரம் நிற்பதைக் காணலாம். அதனை நட்டவர் யார் என்பது அங்கு வாழ்வோர் பலருக்குத் தெரியாது. எனினும் நாள்தோறும் அதன் இலை தாளிப்பில் மணக்கிறது. முன்பு வாழ்ந்தவர் 'யாருக்கோ' என்று எண்ணிக் கைகட்டி நின்றிருந்தால், இன்று வாழ்பவர்க்கு அம்மணம் வாய்த்திராது.

பறிக்காமல் விட்ட சில மல்லிச் செடிகள் மாசியில் வெண்ணிறமாகப் பூக்கும்; பங்குனியில் விதை முற்றும். மாற்றல் ஆணை வரும் வீட்டில், பெட்டி கட்டும் நாளில், அவ்விதைகளைத் திரட்டி இரண்டு பொட்டலங்களாக மடிக்கலாம். ஒன்று, அடுத்து அவ்வீட்டில் குடிபுகும் குடும்பத்திற்கு. மற்றொன்று, செல்லும் ஊரின் மண்ணிற்கு.

சொல்லும் பொருளும்

கூதிர் – குளிர்
பெரும்பொழுது – ஆண்டின் பருவப் பிரிவு
துய்த்தல் – நுகர்தல், பயன்பெறுதல்
சருகு – உலர்ந்த இலை

சிந்தித்து விடை தருக

1. தில்லியின் ஐப்பசியும் தமிழகத்தின் ஐப்பசியும் எவ்வாறு வேறுபடுகின்றன?
2. மாற்றலாகிச் செல்லும் பிள்ளைகளுக்கே தோட்டம் மிகுதியும் தேவை என்னும் கருத்தை ஏற்கிறீர்களா? காரணம் கூறுக.
3. நீங்கள் வாழும் ஊரில் ஐப்பசியில் எவற்றை விதைப்பர்? அண்டை வீட்டாரிடம் கேட்டு ஐந்து தொடர்களில் எழுதுக.