சுரண்டும் வேலைக்கு என்ன கூலி?

பத்து, பன்னிரண்டு வருடம் ஓடிய காரின் பின்சீட்டில் உட்கார்ந்தவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கமானது. கூரையின் உட்பக்கத் துணி பிரிந்து, கல்யாணப் பந்தலில் மழைத்தண்ணீர் தேங்கியது மாதிரி தொப்பையாகத் தொங்கும். உயரமானவர் என்றால் தலையில் உரசும். ஜன்னலை இறக்கினால் படபடவென்று அடிக்கும். உள்கண்ணாடியில் பின்னால் வரும் லாரிக்குப் பதில் துணிதான் தெரியும். என்னுடைய 2008 மாடல் செடானில் இது தொடங்கியதிலிருந்து எனக்குக் கிடைத்த ஆலோசனைகள் இரண்டே வகை. "கம் போட்டு ஒட்டு" என்பது ஒன்று. "வித்துத் தள்ளு மச்சான்" என்பது மற்றது. இரண்டும் தப்பு என்பதும், இரண்டும் ஒரே சோம்பலில் பிறந்தவை என்பதும்தான் என் கட்சி.

முதலில் கம். இந்தத் துணி கூரைத் தகரத்தில் நேரடியாக ஒட்டப்படுவதில்லை. கூரையின் வளைவுக்கேற்ப அழுத்தி வார்த்த ஒரு பலகை இருக்கிறது. துணியின் முதுகில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் கனத்தில் பாலியூரித்தேன் நுரை இருக்கிறது, நம் ஊர்க் கடை பாஷையில் ஸ்பான்ஜ். துணியும் ஸ்பான்ஜும் ஆலையிலேயே ஒன்றாகச் சேர்ந்து வருபவை. பலகையில் ஒட்டப்படுவது ஸ்பான்ஜின் முதுகு. துணி தொங்கியதும் "கம் விட்டுப்போச்சு" என்று எல்லோரும் சொல்கிறோம். ஓரத்தைப் பிரித்துப் பாருங்கள். பலகையில் ஒரு மஞ்சள் படலம் ஒட்டிக்கொண்டிருக்கும், துணியின் முதுகில் மஞ்சள் தூள் இருக்கும். கம் இன்னும் விசுவாசமாகத் தன் பக்கத்து ஸ்பான்ஜைப் பிடித்துக்கொண்டுதான் இருக்கிறது. நடுவில் ஸ்பான்ஜ் செத்துவிட்டது.

சாவுக்குக் காரணம் ரகசியமில்லை. பாலியூரித்தேனை 1937-ல் ஜெர்மனியில் ஓட்டோ பேயரின் குழு உருவாக்கியது. அதில் எஸ்டர் வகை நுரையின் பிணைப்புகளைக் காற்றின் ஈரப்பதமே கொஞ்சம் கொஞ்சமாக உடைக்கும். பள்ளியில் படித்த நீராற்பகுப்பு. ஈதர் வகை ஈரத்தைத் தாங்கும், ஆனால் வெப்பத்திலும் ஒளியிலும் ஆக்சிஜனிடம் தோற்கும். சென்னை இரண்டையும் கொடுக்கிற ஊர். மே மாத மதியம், திறந்தவெளி பார்க்கிங், தகரத்துக்குக் கீழே ஒரு விரல் இடைவெளியில் அந்த நுரை. பீரோவில் பத்திரமாக எடுத்து வைத்த ஷூவைப் பல வருடம் கழித்துப் போட்டதும் அடிப்பாகம் கேக் மாதிரி உதிர்ந்த அனுபவம் உண்டா? அதே சாவுதான்.

ஆகவே தொங்கும் துணிக்குள் கம் அடிப்பது கோலமாவு கொட்டிய தரையில் ஸ்டிக்கர் ஒட்டுகிற வேலை. இதைச் சொல்லும் தகுதி எனக்கு உண்டு, நான் ஒட்டியிருக்கிறேன். முதலில் குண்டூசி. அதுவும் வரிசையாக, அழகாக, ஏதோ டிசைன் என்று மற்றவர்கள் நினைத்துக்கொள்ளும்படி. பிறகு ஸ்பிரே கம். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் தலைகீழாகக் கழுத்தை ஒடித்து அடித்தேன். மூன்றாவது வாரம் துணி மறுபடி இறங்கியது, இந்த முறை கம் ஊறிய கறைகளோடு. தினமும் அலுவலகத்தில் "ரூட் காஸ் என்ன?" என்று ஜூனியர்களைக் குடைபவன் நான். என் தலைக்கு மேலே அந்தக் கேள்வியைக் கேட்கத் தோன்றவில்லை.

அப்புறம் ஒரு சர்வீஸ் சென்டர். "ரூஃப் அசெம்பிளி முழுசா மாத்தணும் சார், பார்ட் இப்ப வர்றதில்ல, எதுக்கும் கேட்டுப் பாக்கறோம்" என்றார்கள். பலகை நன்றாக இருக்கிறதே, துணியை மட்டும் மாற்ற முடியாதா? அப்படி ஒரு வேலையே அவர்கள் கம்ப்யூட்டரில் இல்லை. பாகத்துக்கு எண் இருக்கிறது, விலை இருக்கிறது. பாகத்தின் மேல் இருக்கும் துணிக்கு எண் இல்லை. எண் இல்லாத பொருள் ரிப்பேர் ஆக முடியாது.

கடைசியில் போனது புதுப்பேட்டை. ஒரு குஷன் கடை. அங்கே பாய் துணியை விரலால் ஒரு சுண்டு சுண்டினார், தூள் என் சட்டையில் விழுந்தது. "கம் இல்ல சார், ஸ்பான்ஜ் போச்சு" என்றார். இன்ஜினியரிங் படித்த எனக்கு இரண்டு வருடம் பிடித்த முடிவு. அடுத்து அவர் சொன்னதுதான் இந்தக் கட்டுரைக்கே காரணம். "மேலாப்புல தட்டிட்டு ஒட்டிக் குடுத்தா நாலாயிரம், ரெண்டு மணி நேரத்துல வண்டிய எடுத்துட்டுப் போயிரலாம். ஆறு மாசத்துல திரும்பி வருவீங்க. சுத்தமா சுரண்டி ஒட்டுனா ஆறாயிரம், ஒரு நாள் ஆகும். அப்புறம் நீங்க இந்தப் பக்கமே வர மாட்டீங்க. எது சார் எனக்கு லாபம்?"

சுரண்டச் சொன்னேன். பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தேன். சன் வைசர், கைப்பிடிகள், உள்விளக்கு, தூண்களின் பிளாஸ்டிக் மூடிகள், கதவோர ரப்பர் பீடிங் எல்லாவற்றையும் கழற்றி, முன்சீட்டை முழுக்கச் சாய்த்து, பலகையை வெளியே எடுக்கிறார்கள். இரண்டு பேர் வேண்டும். பலகை அப்பளம் மாதிரி. ஒரு இடத்தில் மடங்கினால் அந்த மடிப்பு புதுத்துணியிலும் ஆயுளுக்கும் தெரியும். பிறகு சுரண்டல். கம்பி பிரஷ் போட்டால் பலகையே பிய்ந்து வரும், நைலான் பிரஷ்தான். பழைய ஸ்பான்ஜ் காய்ந்த தூளாக மட்டும் இருப்பதில்லை, பிசுபிசுவென்று பாதி உயிரோடு இருக்கும். தேய்க்கத் தேய்க்க உருண்டை உருண்டையாக வரும். பாயிடம் வேலை செய்யும் பையனுக்கு இருபது வயதுக்குள்தான் இருக்கும். காலை பத்தரைக்குத் தொடங்கியவன் சாப்பாட்டு நேரத்தைத் தாண்டியும் தேய்த்துக்கொண்டிருந்தான். முகத்தில் கைக்குட்டை. இமை, காது, கழுத்து எல்லாம் மஞ்சள்.

மாலையில் கம். பலகையிலும் துணியின் முதுகிலும் தடவி, விரலில் ஒட்டாத பதம் வரும்வரை காத்திருந்து, துணியைப் பாதியாக மடித்து, நடுவிலிருந்து ஓரத்துக்கு உள்ளங்கையால் தள்ளிக்கொண்டே போக வேண்டும். வளைவுகளில் துணியை இழுத்து ஒட்டினால் பின்னால் அங்கேதான் முதலில் பிரியும். இந்த ரக கம்மில் கரைப்பானாக டொலுவீன் போன்றவை இருக்கும். பத்து நிமிடத்தில் எனக்குத் தலை கனத்தது, எழுந்து தெருவுக்கு வந்துவிட்டேன். பையனுக்கு அப்படி எழுந்து போகும் வசதி கிடையாது.

பில் வந்தது. துணி, கம் 2,800. லேபர் 3,200. நான் என்ன செய்தேன்? "லேபர் கொஞ்சம் ஜாஸ்தியா இருக்கே பாய்" என்றேன். காலையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தவன். துணியின் விலையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை, அதற்கு மீட்டர் இருக்கிறது. கூலியில் 700 குறைத்துக்கொண்டார். இரண்டு பேரின் ஒரு முழு நாள், கடை வாடகை உட்பட, 2,500 ரூபாய். என் வேலையிலும் பழைய நிரலைச் சுரண்டுகிற வேலை உண்டு. அதற்கு ரீஃபாக்டரிங் என்று பெயர், தனி ஸ்பிரிண்ட் உண்டு, வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு மணிக்கணக்கில் பில் போகும். குளிர்பதன அறையில், காபியோடு.

இனி "வித்துத் தள்ளு" கட்சிக்கு வருகிறேன். அவர்கள் கணக்கு இது: வண்டி மார்க்கெட்டில் ஒரு லட்சம்கூடப் போகாது, அதுக்கு ஆறாயிரம் செலவா? கேட்க நியாயமாக இருக்கும். ஆனால் வகுக்கும் எண் தப்பு. நான் விற்கப் போவதில்லை என்றால் மார்க்கெட் விலை எனக்கு எதற்கு? ஆறாயிரத்தை ஒப்பிட வேண்டியது புதுக் காரின் மாதத் தவணையோடு. ஒரே ஒரு மாதத் தவணையில் பாதிகூட ஆகாது. வண்டி புகை தள்ளுகிறது, பிரேக் பிடிக்கவில்லை, அடித்தளம் துருவேறிவிட்டது என்றால் நானே காயலான் கடைக்கு அனுப்புவேன். 2022 ஏப்ரல் முதல், பதினைந்து வருடம் முடிந்த காரின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 600-லிருந்து 5,000 ஆனதையும் கட்டினேன். பழைய வண்டிக்கு அரசு ஒரு விலை வைக்கிறது, சரி. என்ஜினும் கியரும் ஒழுங்காக இருக்கும் ஒன்றரை டன் இரும்பின் ஆயுளை மூன்று மில்லிமீட்டர் நுரை தீர்மானிப்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. நிறைய பேர் கார் மாற்றுவது என்ஜினுக்காக இல்லை. உள்ளே ஏறினால் பழசாக இருக்கிறது, மாமனார் தலையில் துணி படுகிறது, அவ்வளவுதான்.

அம்பாசடர், பத்மினி காலத்தில் ரெக்சினைக் கம்பியில் கோத்துக் கட்டியிருந்தார்கள், கிழிந்தால் தைத்தார்கள். அது பொற்காலம் என்று சொல்ல வரவில்லை, தூசிக்கும் சூட்டுக்கும் அது கூடாரம். தையல் பிரிவதைத் தையல்காரர் சரி செய்ய முடிந்தது என்பது மட்டும் உண்மை. எனக்கு இப்போது ஒட்டியிருக்கும் புதுத்துணியின் முதுகிலும் அதே நுரைதான். ஸ்பான்ஜ் இல்லாத துணி போட்டால் பலகையின் மேடுபள்ளம் எல்லாம் தெரியும் என்றார் பாய். ஆக, இதுவும் ஒரு நாள் உதிரும்.

2022-ல் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை பழுதுபார்க்கும் உரிமைக்காக ஒரு குழு அமைத்தது, அந்த ஆண்டு டிசம்பரில் ஒரு இணையதளமும் வந்தது. மொபைல், விவசாயக் கருவிகளோடு வாகனங்களும் அதன் பட்டியலில் உண்டு. கையேடு வேண்டும், உதிரிபாகம் வேண்டும் என்பதெல்லாம் தேவையான பேச்சு. என் காரின் விஷயத்தில் கையேடு பாயின் தலையிலேயே இருந்தது. துணி கடையிலேயே சுருளாக நின்றது. இல்லாமல் இருந்தது, சுரண்டுகிறவனுக்குச் சுரண்டுவதற்கான கூலி. அதைக் கொடுக்காத ஊரில் சரியாக ரிப்பேர் செய்யத் தெரிந்தவன் மேலாப்பில் ஒட்டக் கற்றுக்கொள்வான், அவன் பையன் உணவு டெலிவரிக்குப் போவான்.

எழுதுகிற நண்பர்கள் சிலருக்கு ஜப்பானியக் கின்ட்சுகி மேல் பெரிய மோகம். உடைந்த கோப்பையைத் தங்கத்தால் ஒட்டுவது, காயத்தின் அழகு, இத்யாதி. நானும் ஒரு காலத்தில் கண் கலங்கியிருக்கிறேன். அந்தக் கட்டுரைகளில் ரிப்பேர் செய்பவருக்கு இருமல் வருவதில்லை. எழுதியவர்களில் இரண்டு பேர் போன வருடம் கார் மாற்றினார்கள்.

அடுத்த வாரம் முகமூடிகளும் அந்த 700 ரூபாயும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். கருணை இல்லை, பாக்கி. பாய் பணத்தை வாங்கிப் பையனிடம் கொடுத்தார். ஒரு முகமூடியை அவனே எடுத்துப் போட்டுப் பார்த்து, "மூச்சு முட்டுதுண்ணே" என்று கழற்றி வைத்தான். அந்த நேரம் ஒரு வெள்ளை செடான் வந்து நின்றது. கூரைத்துணியில் குண்டூசிகள். இறங்கியவரிடம் பாய் அதே இரண்டு விலையையும் சொன்னார். அவர் கைப்பேசியில் மணி பார்த்துக்கொண்டே, "சுரண்டல்லாம் வேணாம் பாய், சும்மா ஒட்டிக் குடுங்க, எப்படியும் விக்கத்தான் போறேன்" என்று சொல்லிவிட்டு எதிரே டீக்கடைக்குப் போனார்.