நங்கூரத்தைக் காட்டு தம்பி

கிள்ளான் வட்டாரத்தில் அவுட்போர்டு என்ஜின் பழுது பார்த்துப் பிழைத்தவன் நான். என்ஜின் எதனால் நிற்கும் என்று கேட்டால் பொழுது சாயும்வரை சொல்வேன். பெட்ரோலில் தண்ணீர் இறங்கியிருக்கும். குளிர்நீர் உறிஞ்சும் வாயைப் பிளாஸ்டிக் பை அடைத்திருக்கும். அறுந்து மிதந்த வலை விசிறியில் சுற்றியிருக்கும். நேற்று வாங்கிய என்ஜினும் இதற்கெல்லாம் விலக்கில்லை. ஆகவே வார இறுதியில் தூண்டிலோடு கடலுக்குக் கிளம்பும் பிள்ளைகளைப் பார்த்தால் என்ஜினைப் பற்றி நான் விசாரிப்பதில்லை. “நங்கூரத்தைக் காட்டு தம்பி” என்பேன்.

முன்பெட்டியைத் திறந்து அவர்கள் எடுத்துக் காட்டுவது பெரும்பாலும் குடைக்கம்பிபோல் மடங்கும் நாலு கொக்கி நங்கூரம். மூன்று கிலோ இருந்தால் அதிகம். அதில் நேரடியாக முடிந்த பச்சைப் பிளாஸ்டிக் கயிறு. சங்கிலி கிடையாது. அதே படகில் ஆயிரக்கணக்கான ரிங்கிட் பெறுமான ரீல்களும், மீன் கூட்டத்தைத் திரையில் காட்டும் கருவியும் இருக்கும். பார்க்கும்போதே எனக்கு வயிற்றைக் கலக்கும். மீன் கிடைக்கும் இடத்தில் படகை நிறுத்திவைக்கும் சாமான் என்று நினைத்துத்தான் நாம் நங்கூரம் வாங்குகிறோம். என்ஜின் செத்த நேரத்தில் ஆளைக் காப்பாற்றப்போவது இதுதான் என்று நினைத்துக் கடைக்குப் போனால், கை வேறொரு நங்கூரத்தைத்தான் தேடும்.

எங்கள் கடல் எப்படிப்பட்டது என்று பாருங்கள். மேற்கே மலாக்கா நீரிணையின் கப்பல் பாதை, உலகிலேயே மிக நெரிசலானவற்றில் ஒன்று. கிழக்கே சேற்றுத் திட்டும் சதுப்புக் காடும். நடுவில், சுமார் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை திசை மாறும் நீரோட்டம். போதாததற்குச் சுமத்ரா வேறு. ஏப்ரல் முதல் நவம்பர் வரை சுமத்ரா தீவின் பக்கமிருந்து வரிசைகட்டித் திரண்டு வரும் இடிமழைக் காற்று அது. பெரும்பாலும் விடியலை ஒட்டி வரும். மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வேகத்தில் வீசும். இரவுத் தூண்டிலுக்குப் போனவர்கள் நங்கூரமிட்டுக் கண்ணயர்ந்திருக்கும் நேரம் பார்த்து வருகிறது அந்தக் காற்று. காற்றின் வேகம் நாலு மடங்கானால் அது படகைத் தள்ளும் விசை பதினாறு மடங்காகும். 15 கிலோமீட்டர் காற்றில் அசையாமல் நின்ற நங்கூரம் 60 கிலோமீட்டர் காற்றிலும் நிற்கும் என்று யாரும் நம்பவே கூடாது.

என் பட்டறைக்கு ஒருமுறை இழுத்து வரப்பட்ட படகு நினைவில் இருக்கிறது. கேத்தாம் தீவுக்கு அப்பால் என்ஜின் சூடேறி நின்றிருக்கிறது. உடனே நங்கூரத்தைப் போட்டிருக்கிறார்கள். அது போட்ட இடத்தில் நிற்காமல் படகோடு கூடவே வந்திருக்கிறது. கடைசியில் சேற்றுத் திட்டில் ஏறி, நீர் வற்றி, ராத்திரி முழுக்கக் கொசுக்கடியில் உட்கார்ந்திருக்கிறார்கள். அப்பாவும் இரண்டு சின்னப் பையன்களும். நங்கூரத்தை எடுத்துப் பார்த்தேன். கொக்கிகளில் ஒரு பிளாஸ்டிக் பையும் கொஞ்சம் வலைத் துண்டும் தொங்கின. நீரோட்டம் அன்று கரைப்பக்கம் ஓடியதால் பிழைத்தார்கள். கப்பல் பாதைப் பக்கம் ஓடியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நான் அவர்களிடம் வாய்விட்டுச் சொல்லவில்லை.

நாலு கொக்கி நங்கூரத்துக்கும் இடம் உண்டு. பாறையிலும் மூழ்கிய கப்பல் மேலும் அது நன்றாகப் பிடிக்கும். கட்டடக் கம்பியை வளைத்து நம் ஆட்கள் செய்துகொள்வது அங்கே இன்னும் நல்லது. சிக்கிக்கொண்டால் கம்பி நிமிர்ந்து விட்டுவிடும். ஆனால் எங்கள் கரையோரம் பெரும்பாலும் சேறு. சேற்றில் கொக்கி பற்றிக்கொள்ள ஒன்றுமில்லை, கீறிக்கொண்டே வரும். சேற்றுக்கும் மணலுக்கும் வேண்டியது புதைந்து இறங்கும் அகலமான தகடு.

அந்தத் தகட்டுக்காகப் பெரிய மூளைகள் உழைத்திருக்கின்றன. திரவ ஓட்ட ஆய்வில் உலகப் பெயர் பெற்ற கேம்பிரிட்ஜ் விஞ்ஞானி ஜெஃப்ரி இங்கிராம் டெய்லர் பாய்மரப் படகுப் பிரியர். 1933இல் கலப்பை வடிவ நங்கூரத்தை அமைத்தவர் அவர்தான். கடல் விமானங்களுக்கு எடை குறைந்த, பிடிப்பு மிகுந்த ஒன்று தேவைப்பட்ட காலம் அது. அடுத்து அமெரிக்காவில் ரிச்சர்ட் டான்ஃபோர்த் இரண்டு தட்டைத் தகடுகள் கொண்ட நங்கூரத்தைச் செய்தார். இரண்டாம் உலகப் போரில் வீரர்களை இறக்கிவிட்ட படகுகள், கரையிலிருந்து தம்மைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டது அதை வைத்துத்தான். இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் நியூசிலாந்தின் பீட்டர் ஸ்மித் ரொக்னாவைக் கொண்டுவந்தார். குழிந்த ஒற்றைத் தகடு, மேலே வில்லாக வளைந்த ஒரு கம்பி. எப்படி விழுந்தாலும் அந்த வில் நங்கூரத்தைப் புரட்டி முனையை மண்ணுக்குள் இறக்கிவிடும்.

வெறும் பிடிப்புக்குச் சேற்றில் டான்ஃபோர்த் வகைதான் ராஜா. 2014இல் அமெரிக்காவின் செசபீக் விரிகுடாவின் இளஞ்சேற்றில் பல வகை நங்கூரங்களை இழுத்துப் பார்த்தார்கள். அந்த வகையில் அலுமினியத்தில் செய்த ஃபோர்ட்ரஸ், தகட்டைச் சேற்றுக்கேற்ற அகலக் கோணத்தில் வைத்தபோது, முதலிடம் பிடித்தது. சோதனையை நடத்தியது அதைத் தயாரிக்கும் நிறுவனமே என்பதையும் சொல்லிவிட வேண்டும். இருந்தாலும் சேற்றில் அந்த வகையின் பிடியை நானே பார்த்திருப்பதால் முடிவை நம்புகிறேன். அதன் பலவீனம் வேறு இடத்தில் இருக்கிறது. காற்றோ நீரோட்டமோ திசை திரும்பினால் அது பிடுங்கிக்கொண்டு வரலாம். தகடுகளுக்கு நடுவே ஒரு சிப்பி மாட்டிவிட்டால் மறுபடி புதையாது. நீரோட்டம் திரும்பிக்கொண்டே இருக்கும் இடத்தில், நினையாத திசையிலிருந்து சுமத்ரா அடிக்கும் இடத்தில், பிடுங்கினாலும் தானாகவே மறுபடி புதையும் நங்கூரத்துக்குத்தான் என் ஓட்டு. வில் வைத்த குழிந்த தகடு முதல் நங்கூரமாகவும், டான்ஃபோர்த் வகை இரண்டாவதாகவும் இருக்கட்டும். 22 அடிப் படகுக்கு நான் 10 கிலோ சொல்வேன். தயாரிப்பாளரின் அளவு அட்டவணையில் உங்கள் படகு இரண்டு அளவுக்கு நடுவே நின்றால் பெரியதை எடுங்கள். பாதி விலைக்கு அதே வடிவத்தில் நகல் கிடைக்கும். பக்கவாட்டில் இழுபட்டதும் அதன் தண்டு வளையும். எந்த எஃகு என்று கேட்டால் கடைக்காரர் விழிக்கிறார் என்றால் திரும்பி வந்துவிடுங்கள்.

எத்தனை நல்ல நங்கூரமானாலும் மேல்நோக்கி இழுத்தால் பிடுங்கிக்கொள்ளும். படுக்கையாக இழுத்தால்தான் புதையும். அதற்குத்தான் சங்கிலியும் நீளமான கயிறும். இந்தக் கணக்கைப் படகு வைத்திருக்கும் ஒவ்வொருவரும் காகிதத்தில் போட்டுப் பார்க்க வேண்டும். ஆழம் 8 மீட்டர். கிள்ளானில் பெரிய ஏற்றத்தில் நீர் 4 மீட்டர் உயரும். படகின் முன்மூக்கு நீருக்கு மேல் 1 மீட்டர். ஆக 13. இதற்கு ஐந்து மடங்கு விட வேண்டும், அதாவது 65 மீட்டர். காற்று முற்றினால் ஏழு மடங்கு, 91 மீட்டர். நம் பிள்ளைகளின் படகில் இருப்பது 30 மீட்டர் கயிறு! 65 மீட்டர் விட்டால் கயிறு விறைத்த நிலையிலும் இழுவை 12 பாகைக்குள் இருக்கும். 30 மீட்டரில் அது 26 பாகையைத் தொடும்.

சங்கிலி குறைந்தது 10 மீட்டர், 8 மில்லிமீட்டர் கனம், கல்வனைஸ் செய்தது. அதுவே 14 கிலோ வரும். லேசான காற்றில் அதன் எடை இழுவையைத் தாழ்த்திவைக்கும். கயிறு நைலானாக இருக்கட்டும். அது நீண்டு கொடுத்து அலையின் உதறலை வாங்கிக்கொள்ளும். பச்சைப் பிளாஸ்டிக் கயிறு மிதந்து விசிறியில் மாட்டும், வெயிலில் உளுத்தும் போகும். நங்கூரத்தையும் சங்கிலியையும் இணைக்கும் ஷேக்கலின் திருகு கழலாதபடி கம்பியால் கட்டிவையுங்கள். கயிற்றின் உள்முனையைப் படகில் கட்டியிருக்கிறதா என்று பாருங்கள், கட்ட மறந்து முழுவதையும் கடலுக்குத் தந்தவர்கள் உண்டு.

இன்னொன்று. நங்கூரத்தைப் பின்பக்கம் கட்டாதீர்கள். தூண்டில் போட வசதி என்று நிறையப் பேர் கட்டுகிறார்கள். என்ஜின் எடையால் பின்பக்கம் ஏற்கெனவே தாழ்ந்திருக்கும், ஓர் அலை போதும். 2009 பிப்ரவரியில் அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்கு மேற்கே மெக்சிகோ வளைகுடாவில் 21 அடிப் படகில் நான்கு இளைஞர்கள் மீன் பிடிக்கப் போனார்கள். உருண்டு திரண்ட அமெரிக்கக் கால்பந்து வீரர்கள். சிக்கிய நங்கூரத்தைப் பின்பக்கம் கட்டி என்ஜினை முடுக்கி இழுத்தபோது படகு கவிழ்ந்தது. கவிழ்ந்த படகைப் பிடித்துக்கொண்டு ஒருவர் மட்டும் உயிரோடு மீட்கப்பட்டார். மற்ற மூவர் திரும்பவில்லை. நங்கூரம் சிக்கினால், முன்பக்கம் கட்டியபடியே வேறு திசையிலிருந்து இழுத்துப் பாருங்கள். வராவிட்டால் கயிற்றை வெட்டிவிடுங்கள்.

ஆளுக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு தூண்டில்காரர்களை ஏற்றிப்போகும் தெக்கோங்குகளிடம் எனக்கு ஒரு கோரிக்கை உண்டு, படகுகளைச் சோதிக்கும் அதிகாரிகளிடமும் உண்டு. நங்கூரம் இருக்கிறதா என்ற கேள்வியோடு சோதனை முடியக் கூடாது. எத்தனை கிலோ, எத்தனை மீட்டர் சங்கிலி, எத்தனை மீட்டர் கயிறு என்று கேட்டு எழுத வேண்டும். கயிற்றைத் தரையில் விரித்து அளந்து பார்க்க வேண்டும். பணம் கொடுத்து ஏறுகிறவர்களும் கேட்கலாம், அதில் தப்பே இல்லை. தெக்கோங் அண்ணனிடம் மரியாதையாகவே கேளுங்கள். நல்ல தெக்கோங் சந்தோஷமாகப் பெட்டியைத் திறந்து காட்டுவார். எரிந்து விழுகிறவரின் படகில் ஏறாதீர்கள், முன்பணம் போனால் போகட்டும்.