பகலிலும் தூக்கம் போச்சு! நெருப்பெரிச்சலில் வடமாநில தொழிலாளர்கள் தவிப்பு
திருப்பூர்:
பனியன் தொழிலை நம்பி பீகார், ஒடிசா, ஜார்க்கண்டில் இருந்து வந்தவர்கள் நெருப்பெரிச்சல் போன்ற பகுதிகளில் லைன் வீடு எடுத்து தங்கி இருக்கிறார்கள். நைட் ஷிப்ட் முடிந்து காலையில் வந்து படுத்தால் பக்கத்தில் கட்டிட வேலை. கலவை மெஷின், டைல்ஸ் வெட்டும் சத்தம். தகர ஷீட் கூரைக்கு கீழே தலையே வெடித்து விடும் போல இருக்கிறது.

சட்டம் இல்லாமல் இல்லை. 2000-ம் ஆண்டு ஒலி மாசு விதிப்படி குடியிருப்பு பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல்தான் அளவு. 2010-ல் வந்த திருத்தப்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை சத்தம் எழுப்பும் கட்டுமான மெஷின்களை அங்கு இயக்கவே கூடாது. ஆனால் அந்த நேரத்தில் இவர்கள் கம்பெனியில் அல்லவா நிற்கிறார்கள்! இவர்களுக்கு ராத்திரி தொடங்குவதே காலை 8 மணிக்குத்தான். அதற்கு தடை கிடையாது.

அளவை விட 10 டெசிபல் கூடினால் புகார் கொடுக்கலாம். யார் போய் கொடுப்பது? தமிழ் சரியாக வராது. வீட்டு ஓனர் காலி பண்ணச் சொல்லி விட்டால்? 2023-ல் போலி வீடியோ வதந்தி கிளம்பியபோது கூட்டம் கூட்டமாக ஊருக்கு ரெயில் ஏறியவர்கள் இவர்கள்.

இன்னொன்று. அங்கே கம்பி கட்டுகிறவரும் பல நேரம் அதே ஊர்க்காரர்தான். அவரிடம் போய் என்னவென்று சண்டை போடுவது?