விலங்கு கழன்றால் மட்டும் போதுமா?

1985 மார்ச் 16. உள்நாட்டுப் போரில் எரிந்துகொண்டிருந்த லெபனான். தலைநகர் பெய்ரூட்டின் தெருவில், பட்டப்பகலில், துப்பாக்கி ஏந்தியவர்கள் ஒரு பத்திரிகையாளரைக் காரில் தள்ளிக் கொண்டுபோனார்கள். அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனத்தின் தலைமை நிருபரான அமெரிக்கர் டெர்ரி ஆண்டர்சன்தான் அவர். பிடித்தவர்கள் ஈரானின் ஆதரவு பெற்ற தீவிரவாதிகள்.

கண்ணைக் கட்டினார்கள், சங்கிலியால் பிணைத்தார்கள், மறைவிடம் மாற்றி மறைவிடம் கொண்டுபோனார்கள். ஒரு நாளா, இரண்டு நாளா? 2,454 நாட்கள்! அந்தக் காலத்தில் அவருக்கு ஒரு மகள் பிறந்தாள். தந்தையும் அண்ணனும் இறந்தார்கள்.

அரசு என்ன செய்தது? பயங்கரவாதிகளோடு பேரமில்லை என்று ஊரறிய முழங்கிய ரீகன் ஆட்சி, திரைமறைவில் ஈரானுக்கு ஆயுதம் விற்றது. 1986இல் அது அம்பலமாயிற்று. கைதிகள் சிலர் வெளியே வந்தனர், ஆண்டர்சன் வரவில்லை. அவர் பெயர் மறக்கப்படாமல் காத்தவர் அவருடைய சகோதரி பெக்கி சே. பதவியில்லாத அந்தப் பெண் ஏறாத படியில்லை, தட்டாத கதவில்லை.

1991 டிசம்பர் 4இல் விடுதலை. ஆறு வயது மகளை அன்றுதான் முதன்முதலாகக் கண்டார். உலகம் கைதட்டியது. கதை அத்தோடு முடிந்ததா? இல்லை!

அவர் கல்லூரிகளில் இதழியல் கற்பித்தார். தாம் போர்வீரராகச் சென்ற வியட்நாமிலேயே குழந்தைகளுக்குப் பள்ளிகள் கட்ட நிதியம் அமைத்தார். ஈரான்மீது வழக்காடி, பல கோடி டாலர் இழப்பீடும் பெற்றார். ஆனால் பணம் நின்றதா? 2009இல் திவால் மனுப் போட்டார். மனத்தின் காயமோ எளிதில் ஆறவில்லை. இரவுகள் அவரை விடவில்லை. தந்தை வீடு வந்தும் தந்தை கிடைக்காத துயரத்தைப் பின்னாளில் பத்திரிகையாளரான மகள் சுலோமி நூலாகவே எழுதினார். ஆண்டுகள் பல கடந்தே இருவரும் நெருங்கினர். 2024 ஏப்ரலில் ஆண்டர்சன் காலமானார்.

பிழைப்புக்காக ஊர்விட்டு ஊர் வந்த நமக்கு இதிலே பாடமுண்டு. தொலைவில் துன்பப்பட்டுத் திரும்புகிறவரிடம் "எவ்வளவு கொண்டுவந்தாய்?" என்று கேட்கிறோம், "தூக்கம் வருகிறதா?" என்று கேட்பதில்லை. மாலை ஒரு நாளில் வாடிவிடும். அதன் பிறகும் அவர் பேச நினைக்கும்போது கேட்க ஆளிருக்க வேண்டும். பேச மறுக்கும்போது பொறுக்க வீடிருக்க வேண்டும். மருத்துவரிடம் போவதை இழிவென்று எண்ணாத அக்கம்பக்கம் இருக்க வேண்டும்.

மீட்பது பாதி வேலை. மீண்டவரை வாழவைப்பதே மறுபாதி. அதை அரசும் மறக்கலாகாது, நாமும் மறக்கலாகாது!